ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நேரம்: மலை மிதிவண்டி வீரரின் வாழ்வும் நம் வகுப்பறையும்

வகுப்பு: 6 முதல் 10 வரை (4, 5 வகுப்புகளுக்கு எளிய வடிவம் இறுதியில்)
பாடங்கள்: கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், தமிழ், உடற்கல்வி
பாடவேளைகள்: 5
தேவையானவை: ஒரு மிதிவண்டி, அளவு நாடா, சுண்ணக்கட்டி, உலக வரைபடம், நிறுத்துக் கடிகாரம்

மதுரையைச் சுற்றியுள்ள எந்த அரசுப் பள்ளிக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது மிதிவண்டி வரிசைதான். மேலூர்ப் பக்கம் செம்மண் அப்பிய சக்கரங்கள். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் என்றால் மழைக்காலத்தில் மட்கார்டுக்குள் கரிசல் அடைத்துச் சுழலவே மறுக்கும் சக்கரங்கள். 2001-02 கல்வியாண்டில் பதினோராம் வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கி, பின்னர் அனைத்துப் பிரிவு மாணவ மாணவியருக்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டம் நம் பிள்ளைகளின் பாதையை எவ்வளவு மாற்றியது என்பது ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியும். ஆனால் அந்த மிதிவண்டி கைக்கு வருவது பதினோராம் வகுப்பில். அதற்கு முன் ஒன்பதும் பத்தும் இருக்கின்றன. எட்டாம் வகுப்போடு ஊர்ப் பள்ளி முடிந்துவிட, ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் அக்காவின் பழைய மிதிவண்டியில்தான் வருகிறார்கள். நின்றுவிடும் பிள்ளைகளில் பலர் நிற்பதும் இந்த இரண்டு ஆண்டுகளில்தான்.

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வாசலில் நிற்கும் அந்த மிதிவண்டியைக் கற்பித்தல் துணைக்கருவியாகக் கொண்டு, உலகின் மிகச் சிறந்த மலை மிதிவண்டி வீரர் ஒருவரின் விளையாட்டு வாழ்க்கையை ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பாடவேளைப் பாடமாக நடத்தினேன். அந்தப் பாடத்தையும், நம் மதிப்பீட்டு முறை குறித்து அது எழுப்பிய ஒரு கேள்வியையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

இது என்ன போட்டி?

மிதிவண்டிப் பந்தயம் என்றதும் பிள்ளைகள் தார்ச்சாலையை நினைக்கிறார்கள். நாம் பேசப்போவது ‘கிராஸ் கண்ட்ரி’ எனப்படும் மலை மிதிவண்டிப் போட்டி. 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டமல்பாயஸ் மலைச் சரிவுகளில் கனத்த பழைய மிதிவண்டிகளை இறக்கி ஓட்டிய இளைஞர்களிடமிருந்து பிறந்த விளையாட்டு இது. 1990-இல் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆண், பெண் இரு பிரிவுகளிலும் சேர்க்கப்பட்டது.

விதிகள் எளியவை. எல்லோரும் ஒன்றாகப் புறப்பட வேண்டும். சில கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே பாதையைப் பல சுற்றுகள் சுற்ற வேண்டும். முதலில் முடிப்பவருக்கு வெற்றி. முழுப் போட்டியும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பாதையில் செங்குத்தான ஏற்றம், வேர்கள், பாறைகள், சேறு, ஒருவர் மட்டுமே செல்லக்கூடிய ஒற்றையடித் தடம் எல்லாம் இருக்கும். மிதிவண்டி பழுதானால் வீரரே சரிசெய்யலாம். அல்லது அதற்கென ஒதுக்கிய இடம் வரைக்கும் எப்படியாவது கொண்டுசேர்த்து உதவி பெறலாம். வேறு எங்கும் வெளியாட்கள் யாரும் கை கொடுக்கக் கூடாது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் டாம் பிட்காக் பஞ்சராகிச் சக்கரம் மாற்ற நின்றார். முன்னணியிலிருந்தவர்களைவிட ஏறத்தாழ 40 நொடிகள் பின்தங்கினார். பதறாமல் சுற்றுக்குச் சுற்று இடைவெளியைக் குறைத்து, கடைசிச் சுற்றில் முந்தித் தங்கம் வென்றார். வகுப்பில் இதைச் சொன்னதும் ஒருவன், “பஞ்சர் ஆனா நாங்க லீவு போட்டுருவோம் டீச்சர்” என்றான். சிரிப்பு அடங்கியபின், அந்த லீவுகளையெல்லாம் கூட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். வருகைப் பதிவேட்டைப் பற்றிப் பேச அதைவிட நல்ல வாய்ப்பு எனக்கு அமைந்ததில்லை.

“நம்ம ஊர்ல மலை ஏது?” என்பது அடுத்த கேள்வி. அதற்கும் பாரிஸிலேயே விடை இருக்கிறது. அந்தப் போட்டி நடந்த எலான்கூர் குன்றின் உயரம் 231 மீட்டர்தான். அது இயற்கையான மலையும் அன்று. பழைய கல்குவாரி இருந்த இடத்தில் இடிபாடுகளையும் மண்ணையும் கொட்டி உருவானது. மலை மிதிவண்டிப் போட்டிக்குத் தேவை மேடு பள்ளமான பாதை. பெரிய மலைத்தொடர் அன்று.

நினோ ஷூர்ட்டர்: ஓர் அறிமுகம்

நினோ ஷூர்ட்டர் 1986 மே 13-இல் பிறந்தவர். ஊர், சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் மாநிலத்தில் டெர்ஸ்னாவுஸ் என்னும் மிகச் சிறிய மலைக்கிராமம். ஜெர்மன், ரோமான்ஷ், இத்தாலியன் ஆகிய மூன்றும் ஆட்சிமொழிகளாக உள்ள மாநிலம் அது. மொழிவாரி மாநிலங்களைப் பற்றிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியே ஒரு நல்ல உரையாடலைத் தொடங்கித் தரும்.

2004-இல் பிரான்ஸின் லே ஜே என்னுமிடத்தில் இளையோர் உலகச் சாம்பியன் ஆனார். 2006-லும் 2008-லும் 23 வயதுக்குட்பட்டோர் பிரிவில் உலகப் பட்டம் பெற்றார். தாமஸ் ஃபிரிஷ்னெக்ட் நடத்திய தொழில்முறை அணியில் வளர்ந்தார். 1996-இல் இந்த விளையாட்டின் முதல் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர் அந்த ஃபிரிஷ்னெக்ட். மூத்த வீரர் ஒருவர் தன் அனுபவத்தை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றியதன் விளைவுதான் ஷூர்ட்டர்.

கரும்பலகையில் நான் எழுதிய ஆண்டு வரிசை இது:

2008, பெய்ஜிங் ஒலிம்பிக் – வெண்கலம் (வயது 22)
2009, கான்பெரா – முதியோர் பிரிவில் முதல் உலகப் பட்டம்
2012, லண்டன் ஒலிம்பிக் – வெள்ளி (வயது 26)
2016, ரியோ ஒலிம்பிக் – தங்கம் (வயது 30)
2017 – உலகக் கோப்பையின் 6 சுற்றுகளிலும் வெற்றி. அதே ஆண்டு உலகப் பட்டமும்
2018, லென்சர்ஹைடே – சொந்த மாநில மண்ணில் உலகப் பட்டம்
2021, டோக்கியோ ஒலிம்பிக் – நான்காம் இடம் (வயது 35)
2022, லே ஜே – பத்தாவது உலகப் பட்டம் (வயது 36)
2024, பாரிஸ் ஒலிம்பிக் – ஒன்பதாம் இடம் (வயது 38)
2025 – ஓய்வு

இந்த வரிசையில் மாணவர்களை நிறுத்திப் பேசவைக்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, 2012. லண்டன் போட்டியில் கடைசிச் சுற்று வரை முன்னணியில் இருந்தவர், முடிவுக்கோட்டுக்குச் சற்றுமுன் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி முந்த, 1 நொடியில் தங்கத்தை இழந்தார். ஒன்றரை மணி நேரம் என்பது 5,400 நொடிகள். அதில் ஒன்று. “இந்த ஒரு நொடி எங்கே போயிருக்கும்?” என்று கேளுங்கள். ஏதோ ஒரு திருப்பத்தில் சற்று அதிகமாகப் பிடித்த பிரேக், தண்ணீர்ப் புட்டியை வாங்கும்போது ஏற்பட்ட தாமதம், பாறையில் வழுக்கிய சக்கரம் என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். ஒரே ஒரு பெரிய தவறால் தோல்வி வருவதில்லை. சிறியவை பல சேர்ந்தும் வரும் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ரியோவில் அதே குல்ஹாவியை 50 நொடி வித்தியாசத்தில் வென்றார் என்பதை அதன்பிறகு சொல்லுங்கள்.

இரண்டாவது, 2009 முதல் 2022 வரையிலான 14 ஆண்டுகள். இதில் 10 ஆண்டுகள் உலகப் பட்டம் அவருடையது. 2010, 2011, 2014, 2020 ஆகிய நான்கு ஆண்டுகள் கிடைக்கவில்லை. வெற்றியாளரின் பட்டியலிலும் வெற்றிடங்கள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளிலும் அவர் பயிற்சி செய்துகொண்டுதான் இருந்தார்.

மூன்றாவது, 2004-உம் 2022-உம். முதல் இளையோர் பட்டமும் பத்தாவது முதியோர் பட்டமும் ஒரே ஊரில், 18 ஆண்டு இடைவெளியில் கிடைத்தன. எங்கள் வகுப்பில் யாருக்கும் அன்று 18 வயது ஆகவில்லை. “நாம பொறக்கறதுக்கு முன்னாடியே ஜெயிச்சவரு, இன்னும் ஜெயிச்சுக்கிட்டு இருந்திருக்காரு” என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி விரல்விட்டு எண்ணிச் சொன்னாள்.

எதைப் பயிற்சி செய்தார்?

பெரும்பாலான பிள்ளைகள் ‘கால் பலம்’ என்பார்கள். அது பாதி விடை. ஷூர்ட்டரின் பயிற்சிமுறை உலக அளவில் கவனிக்கப்பட்டதற்குக் காரணம், உடல் வலிமையோடு சமநிலைக்கும் ஒருங்கிணைப்புக்கும் அவர் கொடுத்த இடம். ஆடும் பலகையின்மேல் நின்றுகொண்டே பந்துகளை எறிந்து பிடிப்பது அவர் செய்த பயிற்சி வகைகளில் ஒன்று. இதயம் வேகமாக அடித்து, மூச்சு வாங்கும் நேரத்திலும் கண்ணும் கையும் மூளையும் பிசகாமல் வேலை செய்ய வேண்டும் என்பதே நோக்கம். ஏற்றத்தின் உச்சியில் களைத்துப்போன வீரர் அடுத்த நொடியே பாறைச் சரிவில் இறங்க வேண்டியிருக்கிறதே!

கருவியையும் அவர் கேள்விக்குட்படுத்தினார். மலை மிதிவண்டிகள் நெடுங்காலம் 26 அங்குலச் சக்கரத்தில் ஓடின. பின்னர் பலர் 29 அங்குலத்துக்கு மாறினர். ஷூர்ட்டர் 2012-இல் இடைப்பட்ட 27.5 அங்குலச் சக்கரத்தில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உலகக் கோப்பைச் சுற்று ஒன்றை வென்றார். பிறகு தானும் 29-க்கு மாறினார். தன் உயரத்துக்கும் பாதைக்கும் எது பொருந்தும் என்று சோதித்துப் பார்த்து, சான்று கிடைத்ததும் முடிவை மாற்றிக்கொள்வது அறிவியல் மனப்பான்மையேயன்றி வேறென்ன?

பெண் குழந்தைகளுக்காக இன்னொரு வாழ்வையும் சேர்த்துச் சொல்கிறேன். அதே சுவிட்சர்லாந்தின் யோலாண்டா நெஃப் 2019 டிசம்பரில் பயிற்சியின்போது விழுந்தார். மண்ணீரல் கிழிந்தது, நுரையீரலும் பாதிக்கப்பட்டது. தேறி வந்தவருக்கு 2021 ஜூனில் கையில் எலும்பு முறிவு. அடுத்த மாதம் டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் அவருக்கு. அந்தப் போட்டியில் வெள்ளியும் வெண்கலமும்கூடச் சுவிஸ் பெண்களுக்கே. இதை ‘வலியைப் பொறுத்துக்கொள்’ என்ற அறிவுரையாக மாற்றிவிடாதீர்கள். மருத்துவர், உடலியக்கச் சிகிச்சையாளர், பயிற்சியாளர் என ஒரு குழு உடனிருந்ததால்தான் அந்த மீட்சி சாத்தியமானது. விழுந்த பெண்ணை எழுப்பிவிட ஆள் இருந்தார்கள் என்பதே பாடம்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

செயல்பாடு 1: ஒரு மிதிக்கு எவ்வளவு தூரம்? (கணக்கு – விகிதம், வட்டத்தின் சுற்றளவு)

மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலோடு இணைந்த முன் பல்சக்கரத்திலும் பின்சக்கர ஃப்ரீவீலிலும் உள்ள பற்களை எண்ணச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் எடுத்துக்கொண்ட மிதிவண்டியில் முன்னே 44, பின்னே 18. விகிதம் ஏறத்தாழ 2.44. அதாவது பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் 2.44 முறை சுற்றும். டயரில் சுண்ணக்கட்டியால் குறியிட்டுத் தரையில் உருட்டினால் சுற்றளவு தெரியும். எங்களுக்குக் கிடைத்தது 2.07 மீட்டர். பெருக்கினால் ஒரு மிதிக்குச் சுமார் 5 மீட்டர்.

இப்போது போட்டி மிதிவண்டி. இன்று பரவலாக உள்ள ஓர் அமைப்பில் முன்னே 34 பற்கள். பின்னே 10 பல்லிலிருந்து 52 பல் வரை 12 பல்சக்கரங்கள். சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 2.3 மீட்டர். 52 பல்லில் ஒரு மிதிக்கு 1.5 மீட்டர், 10 பல்லில் 7.8 மீட்டர். ஏற்றத்தில் எதைப் பயன்படுத்துவார்கள், ஏன்? குறைந்த விசை, அதிக மிதி; வேலையின் அளவு குறைவதில்லை. எளிய இயந்திரம் பற்றிய முழுப் பாடமும் இதற்குள் இருக்கிறது.

தொடர்ச்சியாக ஒரு கணக்கு: 6 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் மாணவி ஒரு வழிக்கு எத்தனை மிதி மிதிக்கிறாள்? இறக்கத்தில் மிதிக்காமல் உருள்வதை விட்டுவிட்டால், 6000-ஐ 5-ஆல் வகுக்க 1,200. போய்வர 2,400. 200 பள்ளி நாட்களுக்கு 4,80,000. இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு அமைதியானது. மூன்று கிராமங்களிலிருந்து மிதித்து வரும் பிள்ளைகளை மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

செயல்பாடு 2: காற்று எவ்வளவு? (அறிவியல் – அழுத்தம், உராய்வு)

நம் பிள்ளைகள் டயரைக் கல்லுப்போல் அடித்துவைப்பார்கள். மலை மிதிவண்டி வீரர்கள் ஏறத்தாழ 20 முதல் 25 பி.எஸ்.ஐ. அழுத்தமே வைக்கிறார்கள். பெட்ரோல் பங்கில் காருக்கு 30, 32 என்று கேட்டிருப்பார்கள், அதைவிடவும் குறைவு. காற்றுக் குறைந்தால் டயர் தரையோடு படியும் பரப்பு கூடும். வழுக்கும் பாறையிலும் மண்ணிலும் பிடிப்புக் கிடைக்கும். தார்ச்சாலையில் அதே டயர் இழுத்துப் பிடிக்கும். இந்த இரண்டையும் ஒப்பிட்டு, செம்மண், கரிசல், ஆற்றுமணல் மூன்றிலும் எந்த டயர் எப்படி ஓடும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். கரிசல்காட்டுப் பிள்ளைக்குத் தெரிந்தது உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

செயல்பாடு 3: உயரமும் நிலமும் (சமூக அறிவியல்)

மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லென்சர்ஹைடே சுமார் 1,500 மீட்டர். கொடைக்கானல் அதைவிட உயரம், சுமார் 2,100 மீட்டர். ஆல்ப்ஸ் என்றால் எட்டாத உயரம் என்று நினைத்திருக்கும் பிள்ளைக்கு இந்த ஒப்பீடு வியப்பூட்டும். சமஉயரக் கோடுகளைக் கற்பிக்க, போட்டிப் பாதை ஒன்றை மாணவர்களே வரையட்டும்: கோடுகள் நெருங்கினால் ஏற்றம் கடுமை, விலகினால் எளிது.

செயல்பாடு 4: சைக்கிள் கடை அகராதி (தமிழ்)

ஊரிலுள்ள சைக்கிள் கடைக்குச் சென்று, அங்கே புழங்கும் சொற்களைத் திரட்டச் சொல்லுங்கள். சக்கரம் ஆடினால் ‘கோட்டம் எடுப்பது’ என்பார்கள். செம்மையான தமிழ்ச்சொல் ஒன்று கடைத்தெருவில் எண்ணெய்க் கறையோடு உயிருடன் இருக்கிறது. பஞ்சர் ஒட்டும் முறையைப் படிப்படியாக எழுதவைத்தால் அறிவுறுத்தல் கட்டுரைக்கு அதுவே பயிற்சி.

இந்தச் செயல்பாட்டில் ஒரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேர்வுத்தாளில் இரண்டு வரிக்குமேல் எழுதாதவன். விடுமுறை நாட்களில் மாமாவின் சைக்கிள் கடையில் நிற்பவன். பஞ்சர் ஒட்டும் முறையை ஒன்றரைப் பக்கம் எழுதினான். ‘டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடத்தைப் பேனாவால் குறிக்க வேண்டும், ஈரம் காய்ந்த பிறகே உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் பசை பிடிக்காது’ என்று காரணத்தோடு எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் இருந்தன. வரிசை பிசகவில்லை. அவனுக்கு எழுதத் தெரியும் என்பது அவனுக்கும் அன்றுதான் தெரிந்தது.

சுற்று நேரமும் வளரறி மதிப்பீடும்

இந்தப் பாடத்தின் மையமாக நான் கருதுவது இதைத்தான். கிராஸ் கண்ட்ரி போட்டியில் முடிவு நேரம் மட்டும் பதிவாவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் தனி நேரம் பதிவாகிறது. இருபதாம் இடத்தில் முடித்த வீரரும் பயிற்சியாளரும் உட்கார்ந்து பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். மூன்றாம் சுற்றில் ஏன் நேரம் கூடியது? ஏற்றத்திலா, இறக்கத்திலா? கடைசிச் சுற்று முதல் சுற்றைவிட வேகமாக இருந்தால், அந்த வீரர் இருபதாம் இடத்தில் முடித்தாலும் அவரிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

நம் வளரறி மதிப்பீடும் இதற்காக உருவானதுதான். செயல்பாட்டுக்கும் சிறுதேர்வுக்கும் நாம் பதியும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஒரு சுற்று நேரம். ஆனால் பருவ இறுதியில் அவற்றைக் கூட்டித் தரம் போட்டபிறகு அந்தச் சுற்று நேரங்களைத் திரும்ப யார் பார்க்கிறோம்?

நான் செய்துபார்த்த எளிய முறை: ஒவ்வொரு மாணவரும் தம் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோட்டு வரைபடம் வைத்திருப்பார். கிடை அச்சில் சிறுதேர்வுகள், நிலை அச்சில் மதிப்பெண். அடுத்தவரின் கோடு அதில் இருக்காது. மாதம் ஒருமுறை இரண்டு நிமிடம் தனியாகப் பேசுவேன்: “இந்தச் சுற்றில் எது ஏற்றமாக இருந்தது?” 4, 5, 5, 8 என்று போகும் பிள்ளையும் 18, 17, 15, 15 என்று போகும் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். கூட்டுத்தொகை முதல் பிள்ளையைத் தோற்றவராகவும் இரண்டாம் பிள்ளையைக் கவலையற்றவராகவும் காட்டும். கோடு உண்மையைச் சொல்லும். இருவருக்கும் ஆசிரியர் தேவை. வேறு வேறு காரணங்களுக்காக.

போட்டிக்கும் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு

இந்த விளையாட்டில் ஒரு கடுமையான விதி உண்டு. முதலிடத்தில் உள்ளவரின் முதல் சுற்று நேரத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பின்தங்கிவிட்டால், அந்த வீரரைப் பாதையிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். முதல் சுற்று 12 நிமிடம் என்றால், 9 நிமிடம் 36 நொடிக்கு மேல் பின்தங்கியவருக்குப் போட்டி முடிந்துவிட்டது. விழுக்காட்டுக்கு நல்ல கணக்கு.

கணக்கை முடித்தபின் வகுப்பில் விவாதம் வைத்தேன். இந்த விதி நியாயமா? “முன்னாடி போறவங்களுக்கு இடைஞ்சல் இல்லாம இருக்கணும்ல” என்றான் ஒருவன். சரிதான், குறுகிய பாதையில் பாதுகாப்புக்கும் அது தேவை. அப்போது ஒரு மாணவி கேட்டாள்: “ஸ்கூல்லயும் இந்த ரூல் இருக்கா டீச்சர்?”

எழுதப்பட்ட விதியாக இல்லை என்று சொன்னேன். அவள் ஊரில் எட்டாம் வகுப்பு வரை உடன் படித்த இரண்டு தோழிகள் இப்போது பள்ளிக்கு வருவதில்லை. ஒருத்திக்கு மிதிவண்டி இல்லை. இன்னொருத்திக்கு இருந்தது, கணக்கில் மிகவும் பின்தங்கி இருந்தாள். யாரும் அவளை வெளியேற்றவில்லை. தானே இறங்கிக்கொண்டாள்.

போட்டி என்பது முதலில் வருபவரைக் கண்டறிவதற்காக நடப்பது. அதனால் கடைசியில் வருபவரை வெளியேற்றலாம். பள்ளி நடப்பது எல்லோரும் முடிப்பதற்காக. இந்த ஒரு வேறுபாட்டை மாணவர்கள் வாயாலேயே சொல்லவைக்க முடிந்தால் பாடத்தின் நோக்கம் நிறைவேறிவிட்டது. அதற்குப் பிறகான வேலை நம்முடையது: பள்ளி மேலாண்மைக் குழுவில் தொலைவையும் மிதிவண்டியையும் பேசுபொருளாக்குவது, மேல்வகுப்பு முடித்த வீடுகளில் சும்மா நிற்கும் மிதிவண்டிகளைக் கேட்டுப் பெறுவது, தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு நடை போய்வருவது. அந்த இரு பெண்களில் ஒருத்தி அடுத்த மாதம் மீண்டும் வந்தாள், தோழியின் மிதிவண்டியின் பின்னிருக்கையில். மற்றவளின் வீட்டுக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கான பாதை

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், பேரறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்ட மாணவர், மாணவியருக்குத் தனித்தனிப் பிரிவுகள். இந்தியாவில் தயாரான சாதாரண மிதிவண்டிகளே போதும் என்பதால் நம் பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை. மதுரையில் ரேஸ்கோர்ஸ் பகுதியிலுள்ள எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலரை அணுகினால் விவரம் கிடைக்கும். தேசிய அளவில் இந்திய மிதிவண்டிக் கூட்டமைப்பு மலை மிதிவண்டிச் சாம்பியன் போட்டிகளை நடத்துகிறது.

தொழில் வழிகாட்டலிலும் இதைப் பயன்படுத்தலாம். ஒரு தொழில்முறை வீரருக்குப் பின்னால் மெக்கானிக், பயிற்சியாளர், உடலியக்கச் சிகிச்சையாளர், பாதை வடிவமைப்பாளர், ஒளிப்படக் கலைஞர், அணி மேலாளர் என்று எத்தனை வேலைகள்! வீரரின் வருமானத்தின் பெரும்பகுதி ஆதரவு நிறுவனங்களிடமிருந்து வருகிறது என்பதையும், எல்லோரும் ஷூர்ட்டர் ஆவதில்லை என்பதையும், படிப்பு கூடவே வர வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். தலைக்கவசம் இன்றிப் பயிற்சி கூடாது. பிரேக், செயின், டயர் மூன்றையும் ஓட்டும்முன் சோதிக்கும் பழக்கம் வேண்டும். நான்குவழிச் சாலையில் பயிற்சி வேண்டாம். யானைமலை, நாகமலை போன்ற குன்றுகளில் சமணர் படுகைகளும் கல்வெட்டுகளும் உள்ளன. மேலூர் அருகே அரிட்டாபட்டி 2022-இல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். அங்கெல்லாம் மிதிவண்டியை ஏற்றக் கூடாது என்பதையும் பாடத்தின் பகுதியாகவே சொல்லுங்கள். பள்ளி மைதானத்தின் ஓரத்தில் செங்கல், மணல், பலகை கொண்டு ஐம்பது மீட்டர்த் தடம் அமைத்தால் போதும். உடற்கல்வி ஆசிரியருடன் சேர்ந்து செய்யுங்கள். முதல் சுற்று வேகத்துக்கன்று, கால் தரையில் படாமல் முடிப்பதற்கு.

4, 5 வகுப்புகளுக்கு

சிறு பிள்ளைகளுக்குப் பல் எண்ணுதல், சக்கரத்தை உருட்டிச் சுற்றளவு அளத்தல், பெரிய சக்கரமும் சிறிய சக்கரமும் ஒரே தூரத்துக்கு எத்தனை சுற்று என்று ஒப்பிடுதல் ஆகிய மூன்றும் போதும். ஷூர்ட்டரின் கதையை ‘மூன்றாவது, இரண்டாவது, முதலாவது’ என்ற வரிசையில் சொன்னால் வரிசை எண்களும் மனத்தில் நிற்கும்.

மதிப்பீட்டுக்கான வினாக்கள்

1. முன்னே 48, பின்னே 18 பற்கள். சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர். 100 மிதிக்கு எவ்வளவு தூரம்?
2. முதல் சுற்று 15 நிமிடம் எனில், 80 விழுக்காட்டு விதிப்படி எவ்வளவு பின்தங்கினால் வீரர் வெளியேற்றப்படுவார்?
3. ஏற்றத்தில் பெரிய பின் பல்சக்கரத்தைப் பயன்படுத்துவது ஏன்?
4. லண்டனில் 1 நொடியில் தோற்ற இரவில் ஷூர்ட்டர் தம் நாட்குறிப்பில் என்ன எழுதியிருக்கலாம்? கற்பனை செய்து பத்து வரிகளில் எழுதுக.
5. உன் ஊரிலிருந்து பள்ளி வரை உள்ள பாதையை வரைக. எங்கே ஏற்றம், எங்கே பள்ளம், எங்கே மழைக்காலத்தில் இறங்கித் தள்ள வேண்டும் என்று குறிக்க.

ஐந்தாம் வினாவின் விடைகளை மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றைத் தலைமையாசிரியர் அறையில் ஒட்டிவையுங்கள். எந்தப் பிள்ளை எந்தப் பாதையில் நம்மிடம் வருகிறது என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் நம்மிடம் இல்லை.